வாசகர் கேள்வி-பதில்: பழகிய கைக்குப் புது க்ரூஸர்

கேள்வி: வயது 47. இருபது வருடத்துக்கு மேலாக பைக் ஓட்டுகிறேன். 150 சி.சி.யில் ஆரம்பித்து, நடுவில் ஸ்போர்ட்ஸ் பைக், இப்போது உயரமான ஒரு அட்வெஞ்சர் பைக். ஏறி இறங்க அலுப்பாக இருக்கிறது, காலை மடக்கியே உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறது, வேகத்தில் பழைய ஆசையும் இல்லை. தாழ்வான சீட்டில் உட்கார்ந்து, பெரும்பாலும் காலை முன்னால் நீட்டி நிதானமாக ஓட்டும் க்ரூஸர் வகை பைக் ஒன்று புதிதாக வாங்கலாம் என்றிருக்கிறேன். மனைவியும் அடிக்கடி பின்னால் வருவார். ராயல் என்ஃபீல்ட் சூப்பர் மீட்டியர் 650, கவாசாகி வல்கன் எஸ், ஹோண்டா ரெபெல் 1100, ஹார்லி சாஃப்டெயில் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். அனுபவம் இருக்கிறதே, நேராகப் பெரிய இன்ஜினுக்கே போய்விடலாமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: ஒரே வரியில் என்றால்: பின் சீட்டில் மனைவியை உட்காரவைத்து ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் எந்த க்ரூஸருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

இனி நீளமாக. இன்ஜினைச் சமாளிக்கத்தான் அனுபவம் வேண்டும் என்பது ஸ்போர்ட்ஸ் பைக் கணக்கு. க்ரூஸரில் இன்ஜின் யாரையும் பெரிதாக மிரட்டுவதில்லை, 2,458 சி.சி. ட்ரையம்ஃப் ராக்கெட் 3 மாதிரி அசுரர்களை விட்டுவிடுவோம். உங்களுக்கு அங்கே புதிதாக இருக்கப்போவது உட்காரும் விதம். பள்ளம் வந்தால் காலை ஊன்றி லேசாக எழுந்துகொள்வது, வளைவில் உடம்பை முன்னால் கொண்டுபோவது, பிரேக் என்றால் இரண்டு விரலால் முன் பிரேக் என்று இருபது வருடமாக உடம்பு கற்றுவைத்திருக்கிறது பாருங்கள், அதில் பாதி க்ரூஸரில் செல்லாது. கால் முன்னால் நீண்டிருக்கும்போது சீட்டை விட்டு எழவே முடியாது, பள்ளத்தின் அடி நேராக வால் எலும்பில்தான் இறங்கும். அட்வெஞ்சர் பைக்குகளில் சாலையின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் 200 மி.மீ. அளவுக்கு மேலும் கீழும் போகும், அதற்குப் பழகியவர் நீங்கள். சூப்பர் மீட்டியரில் முன்னால் 120 மி.மீ., பின்னால் 101 மி.மீ.தான். க்ரூஸர்களில் அது மோசமே இல்லை, அதைவிடக் குறைவானவையும் உண்டு. இந்த வகையே தோற்றத்துக்கு முதலிடம் கொடுத்து வளர்ந்தது. ஹார்லி 1984-இல் கொண்டுவந்த சாஃப்டெயிலில், பின்பக்கம் ஷாக் அப்சார்பரே இல்லாத பழைய பைக் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகவே ஷாக்கை அடியில் ஒளித்துவைத்தார்கள். 2018 மாடலில் அது சீட்டுக்கு அடியில் ஒற்றை ஷாக்காக மாறி நன்றாகவே முன்னேறியது, ஆனால் இன்றும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதனால் முதலில் முழங்காலைப் பற்றிப் பேசுவோம். சீட் தாழ்வாக இருந்தால் கால் சௌகரியமாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தரையில் நிற்கும்போது சரிதான். ஓடும்போது முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதை சீட்டுக்கும் கால் வைக்கும் ஃபுட்பெக்குக்கும் உள்ள தூரம்தான் முடிவு செய்கிறது. ரெபெல் 1100-இல் சீட் உயரம் 700 மி.மீ., ஆனால் ஃபுட்பெக் ஏறக்குறைய நடுவில்தான் இருக்கிறது. உயரமானவர் உட்கார்ந்தால் முழங்கால் இப்போது இருப்பதைவிட அதிகமாகவே மடங்கலாம். உங்கள் உயரத்தை எழுதவில்லை. ஆறடியை நெருங்குபவர் என்றால், முழங்காலுக்காக க்ரூஸர் தேடிப் போய் ரெபெலில் அதே வலியை வாங்கி வருவீர்கள். வல்கன் எஸ்ஸில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள், ஃபுட்பெக்கை மூன்று இடங்களில் மாற்றிப் பொருத்தலாம், சீட்டும் ஹேண்டில்பாரும்கூட வேறு அளவுகளில் கிடைக்கும். பட்டியலில் உள்ளவற்றில் முழங்கால் பிரச்சினைக்கு நேரடியாகப் பதில் வைத்திருப்பது அதுதான். முதுகின் அடிப்பகுதியும் வலிக்கிற ஆள் என்றால் காலை முழுக்க முன்னால் நீட்டும் அமைப்பு பக்கமே போகாதீர்கள். முழங்காலுக்கு அது சொர்க்கம், முதுகுக்கு நேர் எதிர்.

அப்புறம் இன்ஜின். சி.சி.யைப் பார்ப்பதைவிட, டார்க், அதாவது இன்ஜினின் இழுவிசை, நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் வருகிறது என்று பாருங்கள். சூப்பர் மீட்டியர் 52 நியூட்டன் மீட்டர், உச்சம் 5,650 சுற்றில், ஆனால் அதில் பெரும்பகுதி 2,500 சுற்றிலேயே கைக்கு வந்துவிடுகிறது. வல்கன் எஸ்ஸின் எண் அதைவிட அதிகம், ஆனால் அந்த இன்ஜின் நிஞ்ஜா 650 ஸ்போர்ட்ஸ் பைக் குடும்பம். க்ரூஸருக்காக மாற்றி அமைத்திருந்தாலும் மேல் சுற்றுகளில்தான் அதற்கு உயிர் வருகிறது. ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டிய உங்களுக்கு அது பிடித்துப்போகலாம். டாப் கியரில் போட்டுவிட்டு கியரையே தொடாமல் போக வேண்டும் என்ற கனவோடு போனால் ஏமாற்றம்தான். ரெபெல் 1100 கிட்டத்தட்ட 98 நியூட்டன் மீட்டர், 4,750 சுற்றில். பல சாஃப்டெயில்களில் வந்த ஹார்லியின் மில்வாக்கி-எய்ட் 107 இன்ஜின், அதாவது 1,746 சி.சி., 145-ஐ ஒட்டி, அதுவும் 3,000 சுற்றுப் பக்கத்திலேயே. கடைசி எண்ணைப் பார்த்ததும் வாயில் நீர் ஊறுவது புரிகிறது. அந்த டார்க்கோடு சேர்ந்து வருவது சுமார் 300 கிலோ எடை, காற்றால் குளிரும் பெரிய வி-ட்வின்னின் (V வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள இன்ஜினின்) பின் சிலிண்டர் தொடைப் பக்கம் தள்ளும் சூடு. நெரிசலில் நிற்கும்போது பின் சிலிண்டரை அணைத்துவைக்கும் வசதியை ஹார்லியே வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையே கதி என்று இருப்பவருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. வாரத்தில் ஐந்து நாள் நெரிசலில் ஓட்டுபவருக்கு அதுதான் முழுப் பொருட்டும்.

எடை விஷயத்தில் அனுபவசாலிகள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஈர்ப்பு மையம் தாழ்வாக இருப்பதால் நகர ஆரம்பித்ததும் எடை தெரியாது, அஞ்சே நிமிடத்தில் 'அட, லேசாக இருக்கிறதே' என்பார்கள். சரி, இன்ஜினை அணைத்துவிட்டு, மேலே உட்கார்ந்தபடி, லேசான சரிவில் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்திப் பாருங்கள். தினமும் வண்டி நிறுத்தும் இடத்தில் இதைச் செய்ய வேண்டியவர் நீங்கள்தான். 345 கிலோ பிஎம்டபிள்யூ ஆர் 18-க்கு ரிவர்ஸ் உதவியைக் கூடுதல் வசதியாக விற்கிறார்கள், யாரோ தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் அதைக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ள எதற்கும் அந்த வசதி கிடையாது. சூப்பர் மீட்டியரே 241 கிலோ.

மனைவியை மறக்கவில்லை. க்ரூஸர் விற்பவர்கள்தான் பல நேரம் மறந்துவிடுகிறார்கள். பின் சீட் பல மாடல்களில் பெயருக்கு ஒரு திண்டு, சிலவற்றில் அதுவும் இல்லை. ட்ரையம்ஃப் பாபர் ஒருவருக்கு மட்டுமேயான பைக், எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. ரெபெலின் பின் சீட் சிறியது, சிறிது தூரத்துக்குப் போதும். சூப்பர் மீட்டியரின் டூரர் வகையில் பின்னால் சாய்மானம், அகலமான சீட், காற்றைத் தடுக்கும் முன் கண்ணாடி எல்லாம் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. இன்னொன்று, கையேட்டில் மொத்த அனுமதி எடை என்று ஒரு எண் இருக்கும். அதிலிருந்து பைக்கின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் இருவரும் பைகளும் சேர்ந்து இருக்க வேண்டிய அளவு. பெரிய பைக் என்றால் அதிகம் சுமக்கும் என்று நினைக்காதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். சில க்ரூஸர்களில் மிஞ்சும் எண் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது.

ஓட்டிப் பார்ப்பது என்று நான் சொல்வது ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பதை இல்லை. வழக்கமாகப் போடும் பூட்ஸோடு போங்கள். ஹேண்டிலை முழுக்க ஒடித்து, நடைவேகத்தில், ஒரு யூ-டர்ன் போடுங்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அகலமான ஹேண்டில்பார் என்றால் வெளிப்பக்கக் கை எட்டாமல் போகிறதா என்று அங்கேதான் தெரியும். கெட்ட சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போங்கள். பிறகு உங்கள் வழக்கமான நெடுஞ்சாலை வேகத்தில் இருபது நிமிடம், கால் முன்னால், கை உயரத்தில் என்று இருக்கும்போது மார்பே பாய்மரமாகிவிடும், ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குகிறீர்களா என்று கவனியுங்கள். ஷோரூம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதே மாடல் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று தேடி ஒரு நாள் எடுத்து ஓட்டுங்கள். வாடகை கொஞ்சம்தான், தப்பான பைக்கை ஒரு வருடத்தில் விற்றால் போகும் பணம் எங்கேயோ இருக்கிறது. சீட் மாற்றிக்கொள்ளலாம், ஹேண்டில் மாற்றிக்கொள்ளலாம், ஷாக் மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான், எல்லாம் மாற்றலாம். ஆனால் மூன்று பொருளை மாற்றினால்தான் சௌகரியப்படும் என்றால் அது உங்களுக்கான பைக் இல்லை.

என் தேர்வைக் கேட்டால்: மனைவி அடிக்கடி வருவார் என்றால் சூப்பர் மீட்டியர். பெரும்பாலும் தனியாக, முழங்கால்தான் முக்கியம் என்றால் வல்கன் எஸ். தனியாக, நடுத்தர உயரம், கொஞ்சம் துள்ளலும் வேண்டும் என்றால் ரெபெல் 1100. கிளட்ச் பிடித்துக் கை சலித்துவிட்டது என்றால் அதிலேயே டிசிடி தானியங்கி கியரும் உண்டு. மனசு ஹார்லி ஹார்லி என்றே அடித்துக்கொள்கிறது என்றால் இந்த எண்களெல்லாம் உங்களைத் தடுக்கப்போவதில்லை, தடுக்கவும் வேண்டாம், யூ-டர்ன் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: இன்ஜின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக பெல்ட், செயின், ஷாஃப்ட், இவற்றில் எது நல்லது?

பதில்: எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், பின் சக்கரத்தில் கறுப்புக் கறை தெறிக்காது, சத்தமில்லை, ஒழுங்காக இருந்தால் செயினைவிடப் பல மடங்கு தூரம் உழைக்கும். ஹார்லி 1980-இல் ஸ்டர்ஜிஸ் மாடலில் போட்டதிலிருந்து பெரிய க்ரூஸர்களில் இதுதான் வழக்கம். ஆனால் சரளைக்கல் சாலைக்கு ஆகாது. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு கூர்மையான கல் மாட்டினால் ஓட்டை போட்டுவிடும், வழியில் மாற்றுவதும் சாதாரண வேலை இல்லை, பல மாடல்களில் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மையே கழற்ற வேண்டிவரும். செயினுக்கு 500, 700 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட வேண்டும், பதிலுக்கு எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், ஸ்ப்ராக்கெட் மாற்றி கியர் விகிதத்தையும் உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். ஷாஃப்டுக்குப் பராமரிப்பு மிகக் குறைவு, அவ்வப்போது ஆயில் மாற்றினால் போதும், எடையும் விலையும்தான் கூட.

ஆனால் இதை மட்டும் வைத்து ஒரு பைக்கைத் தேர்வு செய்யாதீர்கள். பராமரிப்பு என்று பார்த்தால் இன்ஜின் வால்வுகளுக்கு விட வேண்டிய சிறு இடைவெளியும் கேட்க வேண்டிய விஷயம். மில்வாக்கி-எய்ட் மாதிரி, இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள இன்ஜினில் அதைச் சரிசெய்யும் வேலையே கிடையாது. ராயல் என்ஃபீல்ட் 650-இல் திருகு வைத்துச் சரிசெய்யும் பழைய முறை, எளிமையானது. ஷிம் என்ற மெல்லிய உலோகத் தகடு வைத்த இன்ஜின்களில் எப்போதாவதுதான் செய்ய வேண்டும், செய்யும்போது கூலி கூடுதல்.

கேள்வி: க்ரூஸர் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. வளைவில் ஃபுட்பெக் தரையில் உரசித் தீப்பொறி பறக்கிறது. பழைய பைக்கில் இதைவிட வேகமாகப் போவேன். பைக்கில் கோளாறா?

பதில்: பைக் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் பழைய பைக்கையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஸ்போர்ட்ஸ் பைக் 45 டிகிரியைத் தாண்டியும் சாயும். க்ரூஸர்களில் பெரும்பாலானவை 30 டிகிரியை ஒட்டி நின்றுவிடும், சில அதற்கும் முன்னாலேயே. உரசுவது ஃபுட்பெக்கின் நுனியில் உள்ள சின்ன போல்ட்டாகவோ, மேலே மடங்கக்கூடிய ஃபுட்போர்டாகவோ இருந்தால் பயமில்லை, 'இதோடு போதும்' என்று சொல்வதற்காகவே வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டிச் சாய்த்தால் அடுத்து தொடுவது சைலன்சர், ஸ்டாண்ட், ஃப்ரேம் மாதிரி மடங்காத இரும்பு. அது தரையில் ஊன்றினால் டயரின் மேல் இருக்கும் எடை குறைந்து சக்கரமே தூக்கிக்கொள்ளும். அப்போது விழுவதைத் தடுக்க எந்தத் திறமையும் உதவாது.

உரசியதும் பதறி ஆக்சிலேட்டரை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அது இன்னும் மோசம், பைக் சஸ்பென்ஷனில் கீழே இறங்கி, இருக்கிற இடைவெளியும் குறையும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, நுழைந்த பிறகு ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்தபடியே வைத்திருங்கள். ஒரே வேகத்துக்குச் சாய்வு குறைய வேண்டுமென்றால் உடம்பின் மேல்பாதியை வளைவின் உள்பக்கம் கொஞ்சம் கொண்டுபோங்கள், பைக் அந்த அளவுக்கு நிமிர்ந்து நிற்கும். பின்னால் ஆள் ஏறும்போது பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன் அழுத்தத்தை) ஏற்றிவையுங்கள், ஏற்றாவிட்டால் நீங்கள் வழக்கமாக உரசாமல் போகும் வளைவிலேயே உரசும். இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், அதற்கான சாவி சீட்டுக்கு அடியில் கருவிப் பையிலேயே தூங்கும்.

பிரேக்கையும் சொல்லிவிடுகிறேன். பல க்ரூஸர்களில் முன்னால் ஒற்றை டிஸ்க்தான். சூப்பர் மீட்டியரில் 320 மி.மீ.யில் ஒன்று, ரெபெல் 1100-இல் 330-இல் ஒன்று. ஸ்போர்ட்ஸ் பைக்கின் இரட்டை டிஸ்க்கை இரண்டு விரலால் தொட்டு நிறுத்திய பழக்கத்தில் போனால் முதல் அவசர பிரேக்கில் திக்கென்றிருக்கும். நீண்ட வீல்பேஸ் (இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம்), பின்பக்கம் அதிக எடை என்பதால் க்ரூஸரில் பின் பிரேக் நிஜமாகவே வேலை செய்கிறது, அதையும் சேர்த்துப் பிடியுங்கள். ஆளில்லாத இடத்தில் ஏபிஎஸ் துடிக்கும் வரை பிடித்துப் பழகிக்கொள்வது நல்லது.

கேள்வி: உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். பத்து வருடமாக ஓட்டுகிறேன். 'பெண்களுக்கு இது கனமாக இருக்கும் மேடம், சின்னதைப் பாருங்களேன்' என்று ஷோரூமில் சொல்கிறார்கள். நான் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் வேறு ஷோரூம் பாருங்கள். அப்புறம், சீட் உயர எண்ணை மட்டும் நம்பாதீர்கள், சீட்டின் முன்பகுதி எவ்வளவு அகலம் என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. 740 மி.மீ. உயரத்தில் ஒடுங்கிய சீட்டில் கால் எட்டும், 700 மி.மீ.யில் அகலமான சீட் தொடையை விரித்துக் குதிகாலைத் தூக்கிவிடும். உங்களுக்குக் கால் எட்டுவதைவிடக் கை எட்டுவது பெரிய பிரச்சினையாக இருக்கலாம், முழுக்க ஒடித்தால் வெளிப்பக்க கைப்பிடி தூரமாகப் போகிறதா, கால் முன்னால் நீட்டும் அமைப்பில் பிரேக் பெடல் பாதத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துவதையும் நாலைந்து தடவை செய்துபாருங்கள். வல்கன் எஸ், ரெபெல் இரண்டிலும் முதலில் உட்காருங்கள். ஷாக்கைக் குட்டையாக்கித் தாழ்த்தும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள், ஏற்கெனவே குறைவாக இருக்கும் சாய்வு இன்னும் குறைந்துவிடும்.

கேள்வி: வி-ட்வின்னின் அந்த 'தட-தட' சத்தம், சிலிண்டர்கள் பக்கம் பக்கமாக நிற்கும் பேரலல் ட்வின்னில் வருமா? வாங்கியவுடன் சைலன்சர் மாற்றலாமா?

பதில்: முக்கால்வாசி வரும். ஹார்லியின் 45 டிகிரி வி-ட்வின்னில் இரண்டு பிஸ்டனும் கிராங்க் எனும் சுழல்தண்டின் ஒரே முளையில் மாட்டியிருப்பதால் வெடிப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை, கிராங்க் 315 டிகிரி சுற்றியதும் ஒன்று, பிறகு 405 டிகிரிக்கு ஒன்று. காது அந்த நொண்டலைத்தான் ரசிக்கிறது. சூப்பர் மீட்டியர், ரெபெல் 1100, ட்ரையம்ஃபின் 1,200 சி.சி. க்ரூஸர்கள் எல்லாம் 270 டிகிரி கிராங்க் வைத்த பேரலல் ட்வின். அவற்றில் வெடிப்பு 270-க்கு ஒன்று, 450-க்கு ஒன்று. 90 டிகிரி வி-ட்வின்னுக்கும் இதே இடைவெளிதான், அதனால்தான் கண்ணை மூடிக் கேட்டால் வி-ட்வின் மாதிரி இருக்கிறது. வல்கன் எஸ்ஸில் கிராங்க் 180 டிகிரி, அதன் குரல் வேறு, தட-தடவை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

சைலன்சர் மாற்றும் முன் வாரன்ட்டி விதியையும் ஒலி அளவுச் சட்டத்தையும் படியுங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள பகுதியைக் கழற்றினால் புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள், எரிபொருள் அளவை மறுபடி அமைக்காவிட்டால் இன்ஜின் பெட்ரோல் குறைந்த கலவையில் சூடாகும். குறைந்தது முதல் சர்வீஸ் வரையாவது கம்பெனி சத்தத்தோடு வாழ்ந்து பாருங்கள். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் உரத்த சைலன்சரோடு போனவர்கள் பலர் பழையதைத் தேடி எடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: போன வருட ஸ்டாக் ஒன்றை நல்ல தள்ளுபடியில் தருகிறார்கள். வாங்கலாமா? டெலிவரி எடுக்கும்போது எதையெல்லாம் பார்ப்பது?

பதில்: வாங்கலாம், நான் தாராளமாகச் சொல்வேன், புது நிறமும் புது ஸ்டிக்கரும்தான் வித்தியாசம் என்றால். புது வருட மாடலில் ஏபிஎஸ், சஸ்பென்ஷன், இன்ஜின் எதையாவது மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். உதாரணத்துக்கு இந்தியன் ஸ்கவுட் 2025 மாடலில் 1,133-இலிருந்து 1,250 சி.சி.க்கு மாறியது, அப்படிப்பட்ட மாற்றம் நடந்த வருடம் என்றால் பழையதற்குத் தள்ளுபடி பெரிதாகவே இருக்க வேண்டும். வாரன்ட்டி விற்ற தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நின்றே கிடந்த பைக்கில் பாதிக்கப்படுவது டயரும் பேட்டரியும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. முன் டயர், பின் டயர் இரண்டையும் பாருங்கள். பேட்டரி பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்திருந்தால் இன்றைக்கு ஸ்டார்ட் ஆகும், இரண்டு மாதத்தில் காலை வாரும், அதைப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டெலிவரி நாளில் மாலை, பூஜை, புகைப்படம் எல்லாவற்றுக்கும் முன்னால் அரை மணி நேரம் கேளுங்கள், பகல் வெளிச்சத்தில். சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் பேப்பரோடு ஒத்துப்போகிறதா, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஆயில் கசிந்த தடம் இருக்கிறதா, முன் சக்கரத்தை நேராக வைத்தால் ஹேண்டில்பாரும் நேராக நிற்கிறதா, பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தும்போது இது அடிக்கடி கோணலாகிவிடும். டயரில் காற்றை அளந்து பாருங்கள், கப்பலிலும் லாரியிலும் கட்டி அனுப்பும்போது அதிகமாக அடித்ததை அப்படியே விட்டுவிடுவதுண்டு. இருக்கிற எல்லா சாவியும், கருவிப் பையும், கையேடும் கையில் வரட்டும். குறையைக் கண்டால் 'முதல் சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் சார்' என்பார்கள், இப்போதே பார்த்துவிடலாம் என்று சிரித்தபடி சொல்லுங்கள், வண்டி வெளியே போய்விட்டால் அதே வேலைக்கு நீங்கள்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

கேள்வி: டேங்க் 12 லிட்டர்தான் என்கிறார்கள். நெடுந்தூரப் பயணத்துக்குப் போதுமா?

பதில்: லிட்டருக்கு 20 கி.மீ. என்று வைத்தால் 240, ரிசர்வ் பயத்தைக் கழித்தால் 200. ஹார்லி நைட்ஸ்டரில் 11.7 லிட்டர், டேங்கே சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நீங்களே ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இடுப்பை நிமிர்த்துபவர் என்றால் ஒரு குறையும் இல்லை. பங்க் அரிதான பகுதிகளுக்குப் போகிறவர் என்றால் 15 லிட்டருக்குக் கீழே பார்க்காதீர்கள்.

கேள்வி: புது பைக்கை முதல் ஆயிரம் கி.மீ. மெதுவாகவே ஓட்ட வேண்டுமா? பழைய ஆள், எனக்கு இதெல்லாம் தெரியும் என்றாலும் மகன் வேறு மாதிரி சொல்கிறான்.

பதில்: மகன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரே மெதுவான வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவது பிஸ்டன் வளையம் உட்காருவதற்கு நல்லதில்லை. சுற்றை ஏற்றி இறக்கி, கியர் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், கையேடு சொல்லும் உச்ச சுற்றைத் தாண்டாமல், டாப் கியரில் முக்கி இழுக்கவிடாமல். அதனால் முதல் வாரமே நேர் நெடுஞ்சாலையில் 500 கி.மீ. பயணம் போடாதீர்கள், வளைவும் ஏற்ற இறக்கமும் உள்ள சாலைதான் நல்லது. புது டயரின் மேல்தோல் வழுக்கும், முதல் 150 கி.மீ. வரை கவனம். பிரேக் பேடும் அப்போதுதான் டிஸ்க்கோடு பொருந்திக்கொண்டிருக்கும். முதல் சர்வீஸ் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 500 கி.மீ.யில் கூப்பிடுபவர்களும் உண்டு, 1,600 வரை விடுபவர்களும் உண்டு. அதைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த முதல் ஆயிலில்தான் இன்ஜின் உதிர்த்த உலோகத் துகளெல்லாம் இருக்கும்.